கேப் டவுன் பழைய வானாய்வகமும் சதர்லாந்தும்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேப் டவுனில் இருப்பது வரலாறு, சதர்லாந்தில் இருப்பது வானம். சதர்லாந்து என்பது கேப் டவுனிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, இன்றைய பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் ஊர். ஒன்றில் மற்றதைத் தேடிப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

கேப் டவுன் வானாய்வகம் வானிலை ஆய்வு மையமா?

இல்லை. மழை, காற்று, புயல் பார்ப்பது வானிலை. இங்கே பார்த்தது விண்மீன்களையும், அவற்றைக் கொண்டு கணிக்கும் நேரத்தையும் இடத்தையும். கப்பல்களுக்குச் சரியான நேரமும் தென்வானத்தின் சரியான வரைபடமும் தேவைப்பட்டதால் 1820 அக்டோபர் 20இல் பிரிட்டிஷ் அரசு ஆணை பிறப்பித்து இந்த வானாய்வகத்தை ஏற்படுத்தியது. முதல் வானியலாளர் ஃபியரன் ஃபாலோஸ் 1821இல் வந்து சேர்ந்தார். முதன்மைக் கட்டடம் 1828இல் முடிந்தது. கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் தாங்கும் அந்த முகப்பு இன்றும் நிற்கிறது. லீஸ்பீக், பிளாக் ஆறுகளுக்கு நடுவே உள்ள இந்த மேட்டுக்கு அந்நாளில் பாம்புக் குன்று என்று பெயர். சுற்றிலும் சதுப்பு நிலமாக இருந்தது. இப்போது நகரம் சூழ்ந்துவிட்டது. பக்கத்துப் புறநகருக்கே 'ஆப்சர்வேட்டரி' என்றுதான் பெயர்.

1972 ஜனவரி 1 முதல், ஜோஹானஸ்பர்க் வானாய்வகத்தோடு இணைந்து, இதுவே தென்னாப்பிரிக்க வானாய்வகத்தின் தலைமையகம். 2018இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நினைத்தபோது உள்ளே போக முடியுமா?

முடியாது. அலுவலகம், பட்டறை, நூலகம் எல்லாம் நடக்கிற வளாகம் அது. பொதுமக்களுக்கான திறந்த இரவு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் இரவு 8 மணிக்கு என்பதும், கட்டணம் இல்லை என்பதும் நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. ஆனாலும் விமானச் சீட்டு எடுக்குமுன் அந்த மாதத்துக்கான அறிவிப்பைப் பார்த்து, முன்பதிவு கேட்டால் செய்துவிடுங்கள். வாயிலில் பெயரும் வண்டி எண்ணும் எழுதச் சொன்னால் தயங்க வேண்டாம்.

கோயில் குழு, தமிழ்ப் பள்ளி, முதியோர் சங்கம் என்று கூட்டமாக வருவதானால் சில வாரங்கள் முன்பே எழுதிக் கேளுங்கள். எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பதில் சீக்கிரம் வரும்.

ரயில் நிலையம் அருகில்தான் இருக்கிறது. ஆனால் இரவு நிகழ்ச்சிக்கு ரயிலில் வந்து இருட்டில் நடப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ நல்லது. திரும்புவதற்கான வண்டியையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த இரவில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு வானியலாளரின் உரை. பிறகு அருங்காட்சியகம், பழைய கட்டடங்கள். மேகம் இல்லையென்றால் தொலைநோக்கியில் பார்க்கலாம். மேகம் இருந்தாலும் உரையும் அருங்காட்சியகமும் உண்டு என்பதால் வீண் பயணமாகாது.

டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாதத்தில் கேப் டவுனில் சூரியன் மறையவே ஏறக்குறைய 8 மணி ஆகும். வானம் நன்றாக இருள 9.30 தாண்டிவிடும். எட்டு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று கிளம்பினால் ஒரு விண்மீனையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜூனில் ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும். ஆனால் அது மழைக்காலம். மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் இரண்டுக்கும் பொருந்தி வரும் நடுவழி.

மெக்ளீன் தொலைநோக்கி என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

வளாகத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குள் போங்கள். ஃப்ராங்க் மெக்ளீன் என்ற செல்வந்தர் கொடையாகக் கொடுத்த தொலைநோக்கி இது. கட்டடத்தை வடிவமைத்தவர், பின்னாளில் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்தை உருவாக்கிய ஹெர்பர்ட் பேக்கர்.

உள்ளே பார்த்தால் ஒரே தாங்கியில் இரண்டு பெரிய குழாய்கள் அருகருகே இருக்கும். ஒன்று 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர் லென்ஸ். மற்றது 18 அங்குலம், 46 சென்டிமீட்டர். ஏன் இரண்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். நம் கண்ணோ மஞ்சள், பச்சை ஒளிக்குக் கூர்மையானது. ஒரு லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. ஆகவே படமெடுக்க நீலத்துக்குத் திருத்திய லென்ஸ் ஒன்று, கண்ணால் பார்க்க இன்னொன்று. பெரிய லென்ஸின் குவியத் தொலைவு ஏறக்குறைய 7 மீட்டர். குழாய் அவ்வளவு நீளமாக இருப்பது அதனால்தான்.

நீளமான குழாயில் ஒரு சிக்கல் உண்டு. உச்சி வானத்தைப் பார்க்கக் குழாயை நிமிர்த்தினால் கண் வைக்கும் முனை தரையோரம் தாழ்ந்துவிடும். தொடுவானத்தைப் பார்க்கச் சாய்த்தால் அதே முனை தலைக்கு மேலே எங்கோ ஏறிவிடும். ஏணி வைத்து ஏறி இறங்குவதற்குப் பதிலாக இங்கே தரையையே நீரழுத்தத்தால் ஏற்றி இறக்கும்படி செய்தார்கள். உங்கள் காலடியில் இருக்கும் மரத்தளமே அதுதான். அதன் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1897இல் மெக்ளீன் தாமே கேப்புக்கு வந்து, விண்மீன்களின் ஒளியை நிறப்பட்டையாகப் பிரித்துப் பார்த்தார். திரிசங்கு என்று நாம் சொல்லும் தெற்குச் சிலுவையின் ஒரு விண்மீனில் ஆக்சிஜன் இருப்பதைக் கண்டார். திரிசங்கு உயர்ந்து நிற்கும் மாதங்களில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் அதே விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

வேறு எதைத் தவறவிடக்கூடாது?

முதன்மைக் கட்டடத்தின் முன்னால் ஃபாலோஸின் கல்லறை. இந்தக் கட்டடத்தை எழுப்பிய மூன்றே ஆண்டுகளில், 1831இல் அவர் இறந்துபோனார். பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று போங்கள்.

அவருக்கு அடுத்து வந்தவர் தாமஸ் ஹெண்டர்சன். இந்த இடம் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 1833இலேயே போய்விட்டார். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அவர் எடுத்த அளவுகள்தான் ஆல்ஃபா செண்டாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனிதருக்கு முதலில் சொன்னவை. கணக்கை 1839இல்தான் வெளியிட்டார். அதற்குள் ஜெர்மனியில் பெஸ்ஸல் என்ற வானியலாளர் வேறொரு விண்மீனின் தூரத்தை 1838இல் வெளியிட்டுவிட்டதால், முதலில் அளந்தவர் என்ற பெயர் பெஸ்ஸலுக்குப் போனது.

இதை ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் தமிழில் விளக்க ஒரு வழி: கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடுங்கள். விரல் பின்சுவரில் இடம் மாறித் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கரைக்கும் இக்கரைக்கும் போகிறதல்லவா, அதுதான் இரண்டு கண். ஆல்ஃபா செண்டாரி இருபுறமும் விலகும் கோணம், ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் முக்கால் கூறு. இரண்டு சென்டிமீட்டர் அகல நாணயத்தை ஐந்தரை கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போல. அந்த விண்மீன் இருக்கும் தூரம் 4.37 ஒளியாண்டு.

அடுத்தவர் தாமஸ் மக்ளியர், 1834 முதல் 1870 வரை. இவரது வேலையில் தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1752இல் கேப்பில் நிலத்தை அளந்தபோது தென்பாதி பூமி வேறு வடிவில் இருப்பது போலக் கணக்கு வந்தது. சென்னைப் பரங்கிமலையில் 1802இல் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெரும் நில அளவையில் பணியாற்றிய ஜார்ஜ் எவரெஸ்ட், உடல்நலம் தேற கேப்புக்கு வந்தபோது இதை ஆராய்ந்தார். பக்கத்து மலைகளின் ஈர்ப்பு தூக்குக்குண்டைச் சற்று இழுத்திருக்கும் என்று சொன்னார். மக்ளியர் முழுவதையும் திரும்ப அளந்து அது சரியென்று காட்டினார். மேசை மலை உச்சியில் உள்ள கற்குவியலுக்கு இன்றும் 'மக்ளியர் பீக்கன்' என்று பெயர். பகலில் மலையேறுகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டு வரலாம்.

டேவிட் கில் காலம் 1879 முதல் 1907 வரை. 1882இன் பெரிய வால்வெள்ளியைப் படமெடுக்க, உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவைத் தொலைநோக்கியோடு கட்டினார்கள். தகட்டில் வால்வெள்ளியோடு எண்ணற்ற விண்மீன்களும் பதிந்திருந்தன. அப்படியானால் வானம் முழுவதையும் படமெடுத்தே பட்டியலிடலாமே என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. கேப்பில் எடுத்த தகடுகளை நெதர்லாந்தில் காப்டைன் என்ற வானியலாளர் அளந்தார். 4,54,875 விண்மீன்கள் கொண்ட பட்டியல் உருவானது.

பகல் பீரங்கிக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. துறைமுகத்துக் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க இங்கிருந்துதான் நேரம் சொன்னார்கள். பகல் பீரங்கியை 1864 முதல் வானாய்வகக் கடிகாரம் மின்கம்பி வழியாக வெடிக்க வைத்தது. இன்றும் சிக்னல் ஹில்லில் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர எல்லா நாளும் நண்பகல் 12 மணிக்கு வெடிக்கிறது.

11.30க்குள் போய்விடுங்கள். கைக்குழந்தையின் காதைப் பொத்துங்கள். கடிகாரத்தைச் சரி பார்க்க வேண்டுமானால் சத்தத்தை வைத்துப் பார்க்கக்கூடாது, புகையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய மூன்று வினாடி எடுக்கும். துறைமுகத்தில் நின்று கேட்டால் அத்தனை வினாடி தாமதம்.

எந்த நாளில் போகலாம்? நாள்காட்டி பார்த்துச் சொல்ல முடியுமா?

வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். கேப் டவுனுக்கு வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை நல்லது. நகர வெளிச்சத்தில் மங்கலான பொருள்கள் தெரியாது. நிலவோ எந்த வெளிச்சத்திலும் தெரியும். அரைநிலவில் ஒளியும் நிழலும் சேரும் விளிம்பில்தான் பள்ளங்கள் ஆழமாகத் தெரியும். பௌர்ணமியில் நிழலே இல்லாமல் தட்டையாக, கண் கூசும்படி இருக்கும்.

சதர்லாந்துக்கு இதற்கு நேர்மாறு. தேய்பிறை அஷ்டமி முதல் வளர்பிறை திருதியை வரை முன்னிரவு இருட்டாக இருக்கும். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு விடுமுறையை நீட்டிச் சதர்லாந்து போகிறவர்கள் உண்டு. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பால்வீதி நிலவொளியில் கரைந்துவிடும். பத்து நாள் தள்ளிப் போங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அந்த வாரம் வானம் அருமையாக இருக்கும்.

இன்னொன்று: இங்கே வளர்பிறை நிலவு இடப்பக்கம் ஒளிரும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தேய்பிறை என்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

சதர்லாந்து எவ்வளவு தூரம்? எப்படிப் போவது?

கேப் டவுனிலிருந்து N1 சாலையில் மாட்ஜிஸ்ஃபொன்டெய்ன் வரை, அங்கிருந்து வடக்கே R354 சாலையில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். மொத்தம் நான்கு முதல் நாலரை மணி நேரம். டர்பனிலிருந்து கேப் டவுன் வரை முழுவதும் வண்டியில் வருவதானால் 1,600 கிலோமீட்டருக்கு மேல். அதை ஒரே நாளில் ஓட்டக்கூடாது. விமானத்தில் கேப் டவுன் வந்து வண்டி எடுப்பதே பெரும்பாலோர்க்கு வசதி.

கேப் டவுனிலிருந்து வருகிறவர்கள் டௌஸ் ரிவரிலும், டர்பன் பக்கமிருந்து வண்டியில் வருகிறவர்கள் லெயிங்ஸ்பர்க்கிலும் பெட்ரோல் நிரப்புங்கள். உபரி டயரில் காற்று இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். வாடகை வண்டியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். R354இல் நெடுந்தூரம் கைபேசிச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பொழுது சாய்ந்தபின் மான்களும் ஆடுகளும் சாலையைக் கடக்கும். ஆகவே சூரியன் இருக்கும்போதே ஊர் போய்ச் சேருங்கள். இரவு நிகழ்ச்சி முடிந்து அன்றே கேப் டவுன் திரும்பும் எண்ணம் வேண்டாம். ஊரில் அறை எடுத்துத் தங்குங்கள்.

வானாய்வகம் ஊரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

அங்கே பெரிய தொலைநோக்கியில் பார்க்க விடுவார்களா?

விடமாட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சித் தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்க்கும் இடமே கிடையாது, கருவிகள்தான் பொருத்தப்பட்டிருக்கும். பகல் சுற்றில் அவற்றைப் பார்க்கலாம். இரவுச் சுற்றில் பார்வையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிகளில் வானத்தைப் பார்க்கலாம். இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் கட்டணமும் முன்பதிவும் உண்டு. பள்ளி விடுமுறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள்.

பகலில் காண்பது 'சால்ட்' தொலைநோக்கி. 2005 நவம்பரில் திறந்தார்கள். அறுகோண ஆடித் துண்டுகள் 91 சேர்ந்து ஏறக்குறைய 11 மீட்டர் அகலமாகும். அந்த ஆடி எப்போதும் ஒரே சாய்வில், உச்சியிலிருந்து 37 பாகையில், நிற்கும். வட்டமாகச் சுழலும், ஆனால் மேலும் கீழும் அசையாது. விண்மீன் நகர நகர, மேலே உள்ள கருவித் தொகுதிதான் அதைத் தொடர்ந்து போகும். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது.

ஏன் ஹெட்லைட் போடக்கூடாது என்கிறார்கள்?

வெளிச்சத்துக்குப் பயந்துதானே தொலைநோக்கிகளை நகரத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள்! 1948 முதல் பிரிட்டோரியாவில் இருந்த 74 அங்குலத் தொலைநோக்கியும் 1970களில் இங்கே வந்துவிட்டது. வழிகாட்டி சொல்லும் இடத்தில் விளக்கை அணையுங்கள். வண்டிக் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் முன்பே நிறுத்தி வையுங்கள். உங்கள் கண்ணுக்கும் அது நல்லது. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் போய்விடும். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்.

தொலைநோக்கியில் கண் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். ஓரிரு சென்டிமீட்டர் விலக்கி, ஒளி வட்டம் முழுதாகத் தெரியும்வரை தலையை மெல்ல அசையுங்கள். அல்லது கையால் குழாயைப் பிடித்திருப்பீர்கள். சற்றே அசைந்தாலும் பொருள் பார்வைவெளியை விட்டுப் போய்விடும், அடுத்து நிற்பவர்க்கும் தெரியாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதே நல்ல பழக்கம். மூன்றாவது, குளிரில் உங்கள் மூச்சு லென்ஸில் ஆவியாகப் படிந்திருக்கும். மூச்சை அடக்கிப் பாருங்கள். ஆவியை விரலால் துடைக்கவே கூடாது, வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றலாம், குவியத்தைத் திருகிச் சரிசெய்யலாம். விழியின் வளைவுக் கோளாறுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டாம்.

நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகம் படத்தில் சிவப்பாக இருந்ததே, இங்கே சாம்பல் நிறமாக இருக்கிறதே என்பார்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமரா பல நிமிடம் ஒளியைச் சேர்த்துக்கொள்வதால்தான் படத்தில் அத்தனை நிறம்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

நம் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். வழிகாட்டி ஆங்கிலத்திலோ ஆஃப்ரிகான்ஸிலோ சொல்லும் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். கனோபஸ் என்பது நம் அகத்தியர். சென்னையில் தெற்கே 24 பாகை உயரத்துக்கு மேல் ஏறாத அகத்தியர், கேப்பில் பிப்ரவரி மாலைகளில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பார். மிருகசீரிடமும் திருவாதிரையும் இங்கே தலைகீழாகத் தெரியும், திருவாதிரை கீழ்ப்பக்கம் வரும். திரிசங்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை மாலையில் உயர்ந்து நிற்கும். அக்டோபர், நவம்பரில் தொடுவானத்தோடு ஒட்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் மகெல்லன் மேகங்களைப் பாருங்கள். கிழிந்த பஞ்சு போல இருக்கும், நம் பால்வீதிக்கு வெளியே உள்ள விண்மீன் கூட்டங்கள் அவை. ஜூலை, ஆகஸ்டில் பால்வீதியின் மையம் உச்சிக்கு வரும். அந்தக் காட்சிக்காக மட்டுமே சதர்லாந்தின் குளிரைத் தாங்கலாம்.

என்ன உடுத்துவது? சேலை கட்டலாமா?

கேப் டவுன் பகல் சுற்றுக்குத் தாராளமாக. இரவில் இருட்டும் படிகளும் இருப்பதால் சல்வாரோ கால்சட்டையோ நல்லது, காலுக்கு மூடிய ஷூ. கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், ஜாக்கெட் எடுத்துப் போங்கள். சதர்லாந்தில் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். ஒரு மணி நேரம் அசையாமல் வெளியே நிற்க வேண்டும். இரண்டு கம்பளி மேலாடை, தொப்பி, கையுறை, இரண்டு அடுக்குக் காலுறை கட்டாயம். கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

சாப்பாடு?

சதர்லாந்து இருக்கும் கரூ என்ற வறண்ட நிலப்பகுதி ஆட்டு நாடு. ஊர் உணவகங்களில் ஆட்டிறைச்சிதான் பேர்போனது. புரட்டாசி விரதத்தில் போகிறவர்கள் அறைக்குச் சொல்லும்போதே மரக்கறி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டி எடுத்துப் போவது இன்னும் நிச்சயம். பிளாஸ்கில் சூடான தேநீர் இருந்தால் இரவுச் சுற்றுக்குப் பின் வண்டிக்கு வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவீர்கள்.

டர்பனிலேயே ஒரு வானாய்வகம் இருந்ததாமே?

இருந்தது. ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம்மவரை முதன்முதலாக டர்பனில் இறக்கி 22 ஆண்டுகள் கழித்து, 1882இல், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க நேட்டால் வானாய்வகத்தை அமைத்தார்கள். எட்மண்ட் நெவில் அதன் வானியலாளர். 1911இல் மூடப்பட்டது, இன்று போய்ப் பார்க்கும் இடமாக அது இல்லை. ஜோஹானஸ்பர்க் வானாய்வகத்தில்தான் 1915இல் ராபர்ட் இன்னஸ், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா செண்டாரியைக் கண்டுபிடித்தார்.

கேப் டவுனில் ஒரே பகல்தான் இருக்கிறது, இரவு இல்லை. என்ன செய்யலாம்?

காலையில் கிளேர்மான்ட் பக்கம் போனால் குரோவ் தொடக்கப் பள்ளி வளாகத்தில் ஒரு கல்தூண் நிற்கும். 1834 முதல் 1838 வரை ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்வானத்தை ஆராய்ந்த தொலைநோக்கி இருந்த இடம் அது. பள்ளி நாளில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நண்பகலுக்குச் சிக்னல் ஹில். பிற்பகல் துறைமுகத்தில் 1894இன் நேரப்பந்துக் கோபுரம். அந்நாளில் கம்பத்தின் உச்சியிலிருந்து பந்து விழும் நொடியைக் கப்பலிலிருந்து பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். வானாய்வக வளாகத்துக்குள் போக வேண்டுமானால் முன்பே எழுதிக் கேட்டு, வார நாளில் போங்கள்.